காத்து பிரிஞ்சுதா

இன்னும் ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் முதலில் கருப்பாக இருந்து, சாம்பல் நிறமாகி, இப்போது பச்சையாகவே ஆகிவிட்டது. கூட்டுகிற அம்மாள் பினாயில் வாளியை இழுத்துக்கொண்டு கட்டில்களுக்கு அடியில் குனிந்து குனிந்து போய்விட்டாள். எதிர் வரிசையில் யாருக்கோ இட்லிப் பொட்டலம் வந்து, சாம்பார் வாசனை வார்டு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் இன்னும் ஆகவில்லை. சுகந்தி ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குக் கீழே அது உப்பித் தெரிந்தது. நேற்றும் இவ்வளவுதான் இருந்ததா, இல்லை கொஞ்சம் கூடியிருக்கிறதா, போர்வையின் மடிப்பினால் அப்படித் தெரிகிறதா, மடிப்பைச் சரிசெய்கிற சாக்கில் தொட்டுப் பார்க்கலாமா, தொட்டால் வலிக்குமே. ஆபரேஷன் முடிந்து இது மூன்றாம் நாள். "காத்து பிரிஞ்சா உடனே சொல்லணும்" என்று பெரிய டாக்டரம்மா நேற்றுச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "அதுவரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தண்ணி போகக் கூடாது. நாளைக்குக் காலையில நான் ரவுண்ட்ஸ் வர்றப்பவும் பிரியலைன்னா மூக்கு வழியா ட்யூப் போட வேண்டியிருக்கும். குடல் இன்னும் முழிக்கலைன்னு அர்த்தம்." குடல் தூங்கும் என்பதே பி.எஸ்ஸி. விலங்கியல் படித்த சுகந்திக்கு நேற்றுத்தான் தெரியும். முழிக்காமலே போய்விடுமா என்று கேட்க நினைத்தாள். டாக்டரம்மாவுக்குப் பின்னால் இரண்டு இளம் டாக்டர்கள் நின்றார்கள். ஒருவன் அவளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவனாக இருப்பான், பேனா மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தான். "சரிங்க" என்றாள். அதுவும் உதட்டோடு நின்றுவிட்டது.

காத்து. எவ்வளவு சின்ன வார்த்தை. ஆடி மாதம் வீசுவதும் அதுதான், சைக்கிள் டயரில் அடிப்பதும் அதுதான், ஆனால் இந்த இடத்தில் அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு புரளவில்லை. அவர்கள் வீட்டில் அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதாகவே யாரும் ஒப்புக்கொண்டதில்லை. அப்பாவுக்கு வருகிற மாதிரி இருந்தால் திடீரென்று எழுந்து, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தொழுவத்துக்குப் போவார். கொஞ்ச நேரம் மாட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டு, அதிலேயே ஒரு பெரிய வேலை முடித்தவர் போலத் திரும்பி வருவார். "மாடு சுகமா இருக்குதுங்ளா" என்று அம்மா கேட்பாள். அவ்வளவுதான். இங்கே என்னவென்றால் அதை விளைச்சல் விசாரிப்பது மாதிரி விசாரிக்கிறார்கள். ஊசி போட வருகிற ஸ்டெல்லா சிஸ்டர் கேட்கிறார், கூட்டுகிற அம்மாள் கேட்கிறாள், மாத்திரை வண்டி தள்ளுகிறவள் கேட்கிறாள், முகம் தெரியாத யாரோ ஒரு பாட்டி டம்ளர் கழுவப் போகிற வழியில் நின்று, "உங்கம்மாளுக்கு ஆச்சா சாமி" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அப்பாவைப் பெண்கள் வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் வராந்தா முனையில் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு போன் செய்கிறார். அவருக்கும் அந்த ஒரே வார்த்தைதான், அதிலும் பாதி. "ஆச்சா?" இவள் "இன்னும் இல்லீங்ப்பா" என்பாள். அவர் வைத்துவிடுவார்.

பக்கத்துக் கட்டில் வேலாத்தாள் பெருந்துறைப் பக்கத்துக்காரி. அவளுக்கும் இதே நோய், கர்ப்பப்பையை எடுக்கிற இதே ஆபரேஷன், அம்மாவுக்கு ஒரு நாள் முன்னதாக. "எனக்கு ரெண்டாம் நாளே ஆயிப்போச்சுங்க்கா" என்று இன்றைக்குக் காலையிலும் ஆரம்பித்தாள், மகனுக்கு அரசாங்க வேலை கிடைத்ததைச் சொல்வது மாதிரி. "சின்னதாத்தான். ஆனா டாக்டரம்மா தோளத் தட்டிக்குடுத்தாங்க." அம்மா கண்ணை மூடிக்கொண்டே, "உங்களுக்குக் குடுத்து வச்சிருக்குதுங்க" என்றாள். வேலாத்தாள் பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏனுங்க்கா, நாஞ்சொல்றனேன்னு நெனச்சுக்காதீங்க. டாக்டரம்மா வந்தா ஆச்சுன்னு சொல்லிப்போடுங்க. காத்து என்ன, கணக்கா வச்சுப் பாக்கப் போறாங்க? இன்னைக்கோ நாளைக்கோ எப்படியும் ஆகப்போறதுதான். அந்த மூக்கு ட்யூபு இருக்குதே, அப்பப்பா, நானெல்லாம் கண்ல பாத்திருக்கறேன்." சுகந்திக்கு அது சரியென்றுகூடப் பட்டது. ஒரு பொய், யாருக்கும் கெடுதல் இல்லாத பொய், அதைச் சொல்லிவிட்டால் மூக்கில் ட்யூப் இல்லை, அம்மாவின் உதடு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்காது, ஈரப் பஞ்சை வைத்து ஒற்றியெடுக்க வேண்டாம். அம்மா கண்ணைத் திறந்து வேலாத்தாளைப் பார்த்தாள். கோபம் இல்லை. "தண்ணி கலக்கற வேலை எனக்கு ஆகாதுங்க" என்றாள்.

அதைக் கேட்டதும் சுகந்தி இங்கே இல்லை, ஊரில் பால் சொசைட்டி வாசலில் நின்றாள். இந்நேரம் கேன்கள் வந்து வரிசையாக நிற்கும். அம்மா, ஊராருக்குத் தெய்வானையக்கா, நீலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு கேனுக்கும் குனிவாள். கண்ணாடி மானியைப் பாலில் விட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் மூடியைத் திறந்து உள்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோவாள். ஒரு மூச்சு. பிறகு மூடியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வாள், "ஊத்துங்க." அந்த வார்த்தைக்காக மீசைக்காரர்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சில நாள் அந்த வார்த்தை வராது. நாச்சிமுத்து மாமாவின் கேனை ஒருமுறை அப்படி முகர்ந்துவிட்டு, எல்லோர் முன்னிலும் ரொம்ப அக்கறையாக, "ஏனுங் மாமா, மாடு கெணத்துல உழுந்துபோச்சுங்ளா?" என்று கேட்டாள். மாமா அதற்குப் பிறகு ஒரு மாதம் மகனிடம்தான் பாலைக் கொடுத்தனுப்பினார். சொசைட்டித் தலைவர் கேன் ஆனாலும் அதே மூக்குத்தான். அந்த அம்மாவுக்குப் பிறந்த தனக்கு எப்படி அந்த வாய் வாய்க்காமல் போயிற்று என்று சுகந்தி எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்துவிட்டதென்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தவள் அவள். பேசுவதற்குப் பதிலாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்த்ததையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாள்.

அந்தப் பார்வைதான். இல்லை, அந்தப் பூட்டுத்தான். அதற்குமேல் நினைக்க வேண்டாம் என்று வேப்பமரத்தைப் பார்த்தாள், ஆனால் நினைப்பு மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி அங்கேயே வந்தது. சில மாதங்களுக்கு முன்னால், மாரியம்மன் கோயில் வெள்ளிக்கிழமை. அம்மா பூத்தட்டை எடுத்துக்கொடுத்து, "நீ போயிட்டு வா கண்ணு, எனக்கு வேலை கெடக்குது" என்றாள். அடுத்த வெள்ளியும் வேலை. கோயில் திருவிழாவுக்குப் பொங்கல் சாட்டி மாவிளக்கு எடுக்கிற நாளில், மாவை இடித்து, வெல்லம் கூட்டி, திரி போட்டு எல்லாம் செய்துவிட்டு, கோயில் வாசலில் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. விலக்கான பெண்கள் நிற்கிற இடம் அது. அம்மாவுக்கு அதெல்லாம் நின்று பல வருஷம் ஆகிறதே என்று சுகந்தி அப்போதே கவனித்தாள். அலமாரியில் பழைய நூல்சேலை ஒன்று குறைந்ததையும், விடிவதற்கு முன்னால் துவைக்கிற கல்லில் சத்தம் கேட்பதையும், மொபெட்டில் மேடு பள்ளம் வந்தால் அம்மா சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்துகொள்வதையும் கவனித்தாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம், எப்படி ஆரம்பிப்பது. கல்லூரியில் ரெக்கார்டு நோட்டில் கர்ப்பப்பையைப் பென்சிலால் வரைந்து, நிழல் கொடுத்து, பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்கியவள்தான். பெற்ற அம்மாவிடம் கேட்க முடியவில்லை. அந்த வாரங்களில் அது உள்ளே வளர்ந்துகொண்டிருந்ததா, ஒரு வாரத்துக்கு எவ்வளவு வளரும், முதல் வெள்ளிக்கிழமையே கேட்டிருந்தால். கடைசியில் ஒருநாள் துணி உலர்த்தும்போது, ஈரச் சேலையின் ஒரு முனையை இவள் பிடித்திருக்க மறுமுனையில் அம்மா, நடுவில் சேலை மறைத்துக்கொண்டதால் முகம் தெரியாத தைரியத்தில் கேட்டாள். "ஏம்மா, கோயிலுக்குள்ள ஏன் வர்றதில்லீங்க?" சேலைக்கு அந்தப் பக்கம் அம்மா தன் முனையை ஒரு உதறு உதறினாள். பிறகு, "வீட்டுக்குத் தூரம் சாமி" என்றாள் அம்மா. "இந்த வயசுலயாம்மா?" "அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்குது. வயசு திரும்பிப்போச்சாட்ட இருக்குது. உங்கப்பங்கிட்டச் சொல்லிப்போடாத, மாப்பிள முறுக்கு வந்துரும்." சிரித்தாள். சுகந்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சேலை முனையை விட்டுவிட்டாள், அது மண்ணில் விழுந்தது.

சொசைட்டிக்கு வருகிற பெண்கள், கெட்ட ரத்தம் கடைசியாகக் கழிகிறது, நல்லதுதான் என்று சொல்லியிருந்தார்களாம். அம்மா அதைத் தீட்டு என்று எடுத்துக்கொண்டாள், நோவு என்று எடுத்துக்கொள்ளவில்லை. தீட்டானால் ஒதுங்கி நிற்க வேண்டும், டாக்டரிடம் போக வேண்டியதில்லை. பாலில் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்டுபிடிக்கிற அம்மா, தன் உடம்பில் கலந்ததைக் கோயில் கணக்கில் வைத்துக்கொண்டாள். சுகந்தி கேட்டதற்கு அப்புறம்தான் கோபிச்செட்டிப்பாளையத்து டாக்டரிடம் போனார்கள். அவர் ஸ்கேன் பார்த்துவிட்டு உள்சுவர் தடித்திருக்கிறது என்றார், துளி சதை எடுத்து அனுப்பினார், முடிவு வந்தபோது நாற்காலியை அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் நாற்காலியை இழுத்ததிலேயே சுகந்திக்குத் தெரிந்துவிட்டது. புற்று என்ற வார்த்தை வந்தபோது அறையில் மின்விசிறி சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. அப்பா சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தார். அம்மாதான் கேட்டாள், கேன் மூடியைத் திறந்து பார்க்கிற அதே முகத்தோடு. "பையை எடுத்துப்போட்டாப் போயிருமுங்ளா?" ஆரம்பத்திலேயே வந்திருப்பதால் பெரும்பாலும் போய்விடும் என்றார் டாக்டர். எடுத்ததைச் சோதித்துப் பார்த்தபிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும், நின்றுபோனதற்கப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் வந்து காட்ட வேண்டும், நிறையப் பேர் காட்டுவதில்லை என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா வறுத்த கடலை வாங்கித் தோலை ஊதி ஊதித் தின்றாள். "மாரியாத்தா என்னை வெளிய நிக்க வெச்சதும் நல்லதுக்குத்தான் பாரு. உள்ள வந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றாள். "நீ கேட்டியே கண்ணு. அது பெருசு." பெருசா. எத்தனை வெள்ளிக்கிழமை கழித்துக் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியாதும்மா. கடலைத் தோல் ஜன்னல் காற்றில் பறந்து இவள் மடியில் விழுந்துகொண்டே இருந்தது.

"நடக்கணும் ஆன்ட்டி, படுத்தே இருந்தா எப்படிப் பிரியும்?" ஸ்டெல்லா சிஸ்டர் வந்து திரையை இழுத்தார். "டாக்டர் கீழ் வார்டுல இருக்காங்க, மேல வர்றதுக்குள்ள ஒரு சுத்து நடந்துருங்க." அம்மா எழுந்திருப்பதைச் சுகந்தி பார்த்தாள். எத்தனை முறை பார்த்தாலும் போதாதுபோல இருந்தது. முதலில் ஒருக்களித்தாள். முழங்கையை ஊன்றினாள். ஒரு கை வயிற்றுப் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டது, முகம் வேலாத்தாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, கழுத்து நரம்பு மட்டும் கயிறாகத் தடித்திருந்தது. வலிக்கிறது என்று சொல்ல மாட்டாள். கால் தரையைத் தொட்டதும், கோட்டையைப் பிடித்த ராஜா மாதிரி, "இந்தப் பாளையத்தப் புடிச்சாச்சு" என்றாள். சுகந்தி ஒரு கையில் ட்ரிப் கம்பியையும் மறு கையில் அம்மாவின் முழங்கையையும் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் தோல் வறண்டு, மெல்லிய தாள் மாதிரி இருந்தது. வார்டைத் தாண்டும்போது அம்மா ஒவ்வொரு கட்டிலாக விசாரித்துக்கொண்டே போனாள், காய்ச்சல் விட்டுதுங்ளா, பேத்தி வந்துச்சுங்ளா, ராத்திரி தூங்குனீங்ளா. ஏதோ கல்யாண வீட்டுப் பந்தியில் விசாரிப்பவளைப்போல. தொண்டை காய்ந்து குரல் கரகரத்தது. ஒரு கட்டிலில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நின்று மூச்சை இழுத்தாள். "பொடிப் பால்" என்று இவள் காதில் சொல்லிவிட்டு நடந்தாள்.

வராந்தா நீளமாகக் கிடந்தது. இந்த வழியாகத்தான் அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இதன் கடைசியில், கம்பிக் கதவையும் தாண்டித்தான் அந்தத் தியேட்டர் கதவு. அதைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் ஸ்டீல் கிண்ணத்தோடு வந்து, "தெய்வானை கூட வந்தவங்க" என்று கூப்பிட்டாள். எடுத்ததைச் சொந்தக்காரர்களிடம் காட்டுவது வழக்கமாம். சுகந்தி எட்டிப் பார்த்தாள். ரெக்கார்டு நோட்டில் வரைந்த படம் மாதிரி இல்லை. ஒரு கொய்யாப்பழம் அளவுக்கு, வெளிறிய சிவப்பில், நனைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இவ்வளவு சின்னதா. இதற்குள்ளேயா இருந்தேன், கையையும் காலையும் மடக்கிக்கொண்டு. பயப்பட வேண்டும், அருவருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள், ஒன்றும் வரவில்லை, குடியிருந்த வீட்டைத் தெருவிலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. அப்பா பார்க்க மாட்டார், மாட்டைத் தேடிப் போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கிண்ணத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். நர்ஸ் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கும்பிட்டு முடிக்கிறவரை கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். அது பெட்டியில் அடைபட்டு எங்கேயோ சோதனைக்குப் போயிருக்கிறது. அது என்ன சொல்லுமோ. அது சொல்வதற்கு இன்னும் நாளிருக்கிறது, அதற்கு முன்னால் இந்தக் குடல் முழிக்க வேண்டும், முழிக்காவிட்டால் மறுபடி அந்தக் கதவா, மறுபடி கத்தியா. அம்மாவின் நடை மெதுவாகியது. பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். "முடியலீன்னா திரும்பிக்கலாம்மா" என்றாள் சுகந்தி. "சும்மா வா. கேன் வண்டி வந்துரும்" என்றாள் அம்மா. சொசைட்டியில் சொல்கிற அதே பேச்சு.

கம்பிக் கதவு கிட்டத்தில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் பெஞ்சில் அப்பா, இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். கையில் போன் இருந்தும் வாயைத் திறக்காமல் புருவத்தால் கேட்டார், ஆச்சா. சுகந்தி தலையை ஆட்டினாள், இல்லை. அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டரம்மா மேலே ஏறி வந்தார், பின்னால் அந்த இரண்டு பேரும், ஒருவன் கையில் அதே பேனா. இவ்வளவுதானா. கட்டிலுக்குப் போகக்கூட நேரமில்லை. இப்போது கேட்பார்கள், இல்லை என்று சொல்ல வேண்டும், நான்தான் சொல்ல வேண்டும், சொன்னதும் ட்யூப். வேலாத்தாள் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. ஆச்சு என்று சொல்லிவிட்டால். ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரே ஒரு சொட்டு, யாருக்குத் தெரியப் போகிறது. அம்மாவுக்குத் தெரியும். "என்னம்மா, காத்து பிரிஞ்சுதா?" டாக்டரம்மா கேட்டது அம்மாவை. அம்மா சட்டென்று நின்று சுகந்தியின் மணிக்கட்டைப் பிடித்தாள், வளையல் அழுந்துகிற அளவுக்கு. முகத்தில் ஏதோ தூரத்துச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறவளின் கவனம். "அசையாத இரு" என்றாள் முணுமுணுப்பாக. எல்லோரும் அசையாமல் இருந்தார்கள்.

அது வந்தது. இறுகிப்போன பால் கேன் மூடியை நெம்பித் திறந்தால் வருமே, அப்படி முதலில் ஒரு சிணுங்கல். பிறகு நீளமாக, அவசரமில்லாமல், வராந்தாவின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை. முடிகிற இடத்தில் கேள்வி கேட்பதுபோல லேசாக உயர்ந்து நின்றது. பேனாக்காரன் விட்டத்தைப் பார்த்தான். உலகத்தில் இருக்கிற கூச்சமெல்லாம் இந்த நிமிஷம் தன் மேல் வந்து விழ வேண்டும், தரை பிளந்து தன்னை விழுங்க வேண்டும் என்று சுகந்தி காத்திருந்தாள். விழவில்லை. மாறாக நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பி, தொண்டையில் எங்கும் சிக்காமல் வெளியே வந்தது. "ஆச்சுங்க டாக்டர்" என்றாள். அது தன் குரல்தானா. "எங்கம்மாவுக்குக் காத்து பிரிஞ்சிருச்சுங்க." வார்டுக்குள்ளிருந்து வேலாத்தாள், "ஆச்சுங்ளா?" என்று கத்தினாள். "ஆச்சுங்க" என்று இவளும் திரும்பிக் கத்தினாள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா அவசரமாகத் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், தொழுவத்தில் மாட்டைப் பார்க்கிறவர் மாதிரியே. தோள் மட்டும் குலுங்கியது. துண்டு முகத்துக்குப் போயிற்று.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே. அம்மாவின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார், குழலை வைத்துக் கேட்டார். "நல்லா முழிச்சிருச்சு. ரிப்போர்ட் அடுத்த வாரம்தான் வரும், அதுக்கு முன்னாடி நான் உறுதியா ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நான் கண்ணால பார்த்த வரைக்கும் பைக்குள்ளேயேதான் இருந்துச்சு, வெளிய எங்கயும் போகலை." அம்மா தலையை ஆட்டினாள். அதை எங்கோ ஓரமாக, மூடியைப் போட்டு எடுத்து வைத்துக்கொண்டாள் என்று சுகந்திக்குத் தோன்றியது. "அப்ப காப்பி குடிக்கலாமுங்ளா?" "அதுக்குள்ளயா? இப்போதைக்குத் தண்ணி. ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா. காப்பி சாயங்காலம் பார்க்கலாம்." "வெறுந் தண்ணிங்ளா?" "வெறும் தண்ணிதான்." அவர்கள் போனபிறகு அம்மா இவள் பக்கம் திரும்பினாள். வெடித்த உதட்டோடு சிரித்தாள். "பாத்தியா கண்ணு. இத்தனை வருசம் நான் தண்ணிய வெரட்டி வெரட்டி அடிச்சதுக்கு, மொதல்ல அதுதான் வந்து நிக்குது."

கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி, ஸ்பூனில் எடுத்து நீட்டினாள் சுகந்தி. ஸ்பூனுக்குள் ஜன்னல் வெளிச்சம் அசைந்தது. அடுத்த வாரம் இருக்கிறது, அந்த வாரத்தில் ஒரு நாள் இருக்கிறது, யாராவது நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்காருவார்களோ, இல்லை நின்றபடியே சொல்லிவிட்டுப் போவார்களோ. அன்றைக்கும் கேட்க வேண்டியதை நான்தான் கேட்பேன் என்று நினைத்துக்கொண்டாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனைப் பிடித்திருந்த அவள் கையைத் தன் கையால் தாங்கி, இன்னும் கொஞ்சம் மேலே, மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு மூச்சு. பக்கத்துக் கட்டிலில் வேலாத்தாள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சுகந்தியும் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கேனோடு வரிசையில் நிற்கிற மீசைக்காரர்களைப்போல.

"ஊத்து" என்றாள் அம்மா.